ஒன்றரை மணி நேரம்

"என் அட்டையில யார் கை வச்சது?"

ஊட்டியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்த கையோடு, தூத்துக்குடி துறைமுகத்தை ஒட்டிய அந்தக் கப்பல் ஏஜென்சி ஆபீஸுக்குள் நுழைந்திருந்தான் செந்தில்வேல். போன தடவை இங்கே துளைத்து வாங்கிப்போன அட்டைக் கட்டை மேஜையில் போட்டான். கார்டு துளைக்கும் மெஷின் முன்னால் இருந்த ஹில்டா நிமிர்ந்தாள்.

"ஒரு அட்டைகூடக் குறையாது சார். எண்ணிப் பாருங்க."

ஒரு அட்டைக்கு ஒரு நட்சத்திரம். பெயர், திசை, தொடங்கும் நேரம், எவ்வளவு நேரம், அவ்வளவுதான். அட்டையிலுள்ள துளைகளைப் படித்துத்தான் கம்ப்யூட்டர் ஊட்டி ரேடியோ தொலைநோக்கிக்கு வேலை கொடுக்கும். அந்தத் தொலைநோக்கிக்குப் பகலும் இரவும் ஒன்றுதான்.

"பின்ன ஏன் தொலைநோக்கி தினமும் ஒன்றரை மணி நேரம் சும்மா கிடக்கு? நாளைக்குள்ள சரிபண்ணிக் குடுக்கலைன்னா என் முறையை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. என் ஆராய்ச்சி ஒரு வருஷம் தள்ளிப் போயிரும்!"

தலைமைக் குமாஸ்தா பேச்சிமுத்து எட்டிப் பார்த்தார். "ஊட்டியிலயே இந்த மெஷின் இருக்குமே தம்பி. இம்புட்டுத் தூரம் எதுக்குத் தூக்கிட்டு வாரீய?"

செந்தில்வேல் அதைக் காதில் வாங்கவில்லை. இடைவெளிகளைப் படித்துக்கொண்டே போனான். "திங்கள் ஏழரையில இருந்து ஒம்பது. செவ்வாய் மூணுல இருந்து நாலரை. வெள்ளி பத்தரையில இருந்து பன்னெண்டு... ராகுகாலம்! அண்ணாச்சி, இது உங்க வேலைதான?"

நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தால் பழி தானாக வந்து சேரும் போலிருக்கிறது.

"நான் அந்த அட்டையத் தொட்டதே இல்ல," என்று கோபித்துக்கொண்டு அண்ணாச்சி போய்விட்டார்.

"நான்தான் நேரத்தைத் தள்ளிப் போட்டேன்," என்றாள் ஹில்டா மெதுவாக.

"நீயா? ஞாயித்துக்கிழமை தவறாம மாதா கோயில் பூசைக்குப் போற வேதக்காரப் பொண்ணு நீ. உனக்கு எதுக்கு ராகுகாலம்? நட்சத்திரத்துக்குத்தான் எதுக்கு?"

"போன மாசம் ஆத்தூர்ல இருந்து உங்க அம்மா எங்க வீட்டுக்கு வந்தாவ. 'எம் மவன் காரியம் எதையும் ராகுகாலத்துல தொடங்க விடமாட்டேன்னு சத்தியம் பண்ணு, உன்னை மருமவளா ஏத்துக்கிடுதேன்'னாவ. மாதா மேல சத்தியம் பண்ணிட்டேன்."

எத்தனையோ தடவை கெஞ்சியும் அம்மா சம்மதிக்காத கல்யாணம். செந்தில்வேல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். வெள்ளிக்கிழமை, மணி பதினொன்று.

"தொடங்கத்தான கூடாது? முந்தின நட்சத்திரத்தோட நேரத்தையே நீட்டிப் போட்டுரு," என்றபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "ஆனா, பன்னெண்டு அடிச்சப்புறம் ஆரம்பி."