கீழிறங்கும் புகை

“இது கிளாரன்ஸ் வேலைதான்” என்றாள் கேத்தரின். சிவசங்கரன் கையில் பிடித்திருந்த ஊதுபத்தியின் புகை, கணப்படுப்புக்குள் மேலே ஏறாமல், யாரோ உள்ளிருந்து ஊதியது போல ஹாலுக்குள் திரும்பி வந்தது. கூடவே சில்லென்று காற்று.

“செத்தவர் மேல பழி போடாதீங்க டீச்சர்” என்றார் பக்கத்து வீட்டுச் சிவசங்கரன், தலையைச் சிம்னிக்குள் விட்டபடி. “இருந்தப்பவே வாயத் திறக்க மாட்டாரு. இப்பவா ஊதப்போறாரு?”

கேத்தரின் சிரித்துவிட்டாள். ஜூனுக்குப் பிறகு அவளைச் சிரிக்க வைக்க இந்த ஒரு மனிதரால்தான் முடிந்தது.

குக் டவுனில் பழைய ஓட்டு வீடு அது. டிசம்பர் மாலைகளில் கிளாரன்ஸ் சவுக்கு விறகை அடுக்கி நெருப்பு மூட்டுவார். கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் ரேடியோ கேட்பார்கள். ஜூனில் அவர் போய்விட்டார். இந்தக் குளிர்காலத்தில் விறகை மூட்டினால் புகை ஹாலை நிறைத்தது. மூட்டாவிட்டால் சிம்னி வழியே குளிர் இறங்கியது. அவர் கைராசியும் அவரோடு போய்விட்டது என்றே அவள் நம்பினாள்.

“பலகை வெச்சு அடைச்சிட்டா என்ன?” என்றார் சிவசங்கரன்.

“குளிர் நின்னுடும் சார். நெருப்பும் இல்லாத ஹால்ல நான் எதைப் பார்த்துட்டு உக்கார்றது? அதுக்கு மகள் சொல்றபடி வீட்டைப் பூட்டிட்டு தாம்பரத்துல அவ வீட்டுக்கே போயிடலாம்.”

மகள் கிறிஸ்துமஸுக்கு முன் வந்து அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தாள். சிம்னி சரியானால் மட்டும் இருக்கலாம் என்பது பேச்சு.

பீன்யா தொழிற்பேட்டையில் மெஷின்களோடு காலம் தள்ளி ரிட்டயர் ஆன சிவசங்கரன் விடவில்லை. செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி, சிம்னியின் உட்புறத்தை முதலில் சூடாக்கிப் பார்த்தார். ஜன்னலை ஒருவிரல் அளவு திறந்துவைத்தார். சமையலறை ஃபேனை நிறுத்தினார். கொத்தனார் ரெமிஜியஸைக் கூப்பிட்டு உச்சியில் தகர மூடியும் போட்டாயிற்று. குளிர் அதன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

“சிம்னி ஒசரத்தைக் கூட்டினா சரியாவும்” என்றார் ரெமிஜியஸ், கன்னடம் கலந்த தமிழில். “ஆனா பேடா சார், வேணாம். மண்ணு வெச்சுக் கட்டின சுவரு. மேல நாலு கல்லு ஏத்தினா மொத்தமா உக்காந்துரும்.”

அவர் போனதும் கேத்தரின் காபி கொண்டுவந்தாள். சிவசங்கரன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க போயிட்டா, நான் போடற காபியை நானே குடிக்கணும். அந்தப் பாவம் உங்களைச் சும்மா விடாது.”

“அதான் உங்க சஞ்சய் வரப்போறானே. அமெரிக்கா காபி போட்டுக் குடுப்பான்.”

“ஆமா, ஆமா. பொங்கலுக்கு வந்துடுவான்.”

தீபாவளிக்கு வருகிறான் என்றுதான் முன்பு சொல்லியிருந்தார். மகனுக்காகவே மொட்டைமாடியில் பெரிய அறை ஒன்று கட்டி, ஜூலையில் பால் காய்ச்சினார். துக்கத்தில் இருந்த கேத்தரின் அதற்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அந்த அறையைப் பெருக்கித் துடைக்கிற சத்தம் மட்டும் அவள் சமையலறை வரை கேட்கும்.

“இன்னும் ஒருவாட்டி மூட்டுங்க டீச்சர். புகை மேல என்னதான் பண்ணுதுன்னு என் மாடிலேர்ந்து பார்க்கறேன்.”

அவள் இருமிக்கொண்டே மூட்டினாள். ஜன்னல் வழியே பார்த்தபோது, சிவசங்கரன் தன் மொட்டைமாடியில் சால்வை படபடக்க நின்றிருந்தார். வெகுநேரம் நின்றார். பிறகு திரும்பி வரவேயில்லை.

மறுநாளும் வரவில்லை. பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்குப் போட்ட காபியில் ஒன்று ஆறி ஏடு படிந்தது. அவரும் கைவிட்டுவிட்டார் என்றே கேத்தரினுக்குத் தோன்றியது. பெட்டியை எடுத்து, கிளாரன்ஸின் படத்தைப் புடவைகளுக்கு நடுவே வைத்தாள். அந்த வீட்டில் தன்னைத் தேடி வர இனி ஒருவரும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மகள் வரவேண்டிய நாளன்று கேட் சத்தம் கேட்டது. வந்தவர் சிவசங்கரன். பின்னால் கடப்பாரையோடு ரெமிஜியஸ்.

கேத்தரின் கணப்படுப்புக்குக் குறுக்கே போய் நின்றாள். “இடிக்கவா வந்தீங்க? நான் போன பிறகு என்ன வேணா செய்யுங்க சார்.”

“இடிக்கத்தான் போறோம். ஆனா உங்களோடதை இல்ல. கெழக்குக் காத்து என் புது மாடி ரூம்ல மோதி, தாண்டி வந்து, உங்க சிம்னி தலைல விழுது. நல்லா நின்னு பார்த்துட்டேன். கிளாரன்ஸ் மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க பெட்டியைப் பிரிங்க.”

கேத்தரின் ஜன்னல் வழியே அவருடைய மாடி அறையை எட்டிப் பார்த்தாள்.

“ஐயோ, அதெல்லாம் வேணாம் சார். பொங்கலுக்குச் சஞ்சய் வந்தா எங்க தங்குவான்?”

சிவசங்கரன் கடப்பாரையை ரெமிஜியஸிடமிருந்து தன் கையில் வாங்கிக்கொண்டார்.

“அவன் வர்றேன்னு சொன்னதே இல்ல டீச்சர்.”