காய்ந்த சுவர்

மூன்று நாள் அடைமழைக்குப் பிறகும் அந்தச் சுவரில் ஒரு பொட்டு ஈரமில்லை. ராஜாம்பாள் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள், நம்பிக்கை வராமல் புறங்கையாலும் பார்த்தாள். அவளுக்கு வயிறு குளிர்ந்துபோனது.

முத்தியால்பேட்டையில் அவள் மாமனார் கட்டிய வீடு அது. நடுவிலிருந்த வாசலை அடைத்து இரண்டு போர்ஷனாக்கி, ஒன்றில் தான் இருந்துகொண்டு மற்றதை வாடகைக்கு விட்டிருந்தாள். நாலு வருஷம் குடியிருந்த வினோதா இரண்டு மாதம் முன்புதான் காலி செய்தாள்.

இருந்த வரைக்கும் இந்தச் சுவரால் ஓயாத சண்டை. மழைக்காலம் வந்தால் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறும், சுண்ணாம்பு பொரிந்து கொட்டும். வினோதாவின் ஆறு வயது மகளை இளைப்பு வந்து இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"செவுர சரி பண்ணிக் குடுங்கம்மா, புள்ள மூச்சு வுட முடியாம திணறுது" என்று அவள் தெருவில் வைத்துக் கேட்டதைத்தான் ராஜாம்பாளால் பொறுக்க முடியவில்லை. நாலு பேர் எதிரில் மானத்தை வாங்கிவிட்டாளே!

"ஈரத்துணிய வூட்டுக்குள்ள காயப்போட்டா செவுரு ஊறாம என்னா பண்ணும்? பாழாக்குனது நீ, சரி பண்ண வேண்டியதும் நீதான்."

லாஸ்பேட்டையில் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்குக் கட்டடப் பாடம் எடுக்கிறவளாம், குடியிருக்கிற வீட்டுச் சுவரை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை! சுவரைச் சரி செய்தால்தான் அட்வான்ஸ் என்று ராஜாம்பாள் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள்.

 வினோதா ஆள் வைத்து, ஏதோ கெமிக்கலை இரண்டு கோட் அடித்து, தரையிலிருந்து கூரை வரைக்கும் டைல்ஸ் ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். ராஜாம்பாளுக்கு அதுவும் போதவில்லை. தப்பு தன்னுடையதுதான் என்று அவள் வாயாலேயே சொல்லக் கேட்க வேண்டும்.

அதற்கு இதைவிட நல்ல நாள் வாய்க்காது. காலையிலிருந்தே ராஜாம்பாள் யாரையாவது கடித்துக் குதறத் தயாராக இருந்தாள். தை மாதம் மகன் செம்மலுக்குக் கல்யாணம். மருமகளுக்கு எடுத்த முகூர்த்தப் பட்டுப்புடவையைப் பெட்ரூம் சுவர் அலமாரியிலிருந்து எடுத்துப் பிரித்தால் குப்பென்று பூஞ்சை வாடை. "பழைய சரக்க என் தலையில கட்டிட்டியா?" என்று ஜவுளிக்கடைக்காரனைப் போனில் கிழித்துத் தொங்கவிட்டிருந்தாள்.

அந்தச் சூட்டோடு வினோதாவின் நம்பரை அழுத்தினாள்.

"என்னா வினோதா, மூணு நாளா கொட்டுது. செவுரு சுக்கா காஞ்சு கெடக்குது. நீ இருந்த வரைக்கும் ஈரம், நீ போனதும் ஈரமும் போயிடுச்சு. இப்ப சொல்லு, தப்பு யாருது?"



"நல்லா தொட்டுப் பாத்தீங்களாம்மா?"

"தொட்டுப் பாத்துட்டுதான் பேசுறேன். ஒத்துக்கிறியா இல்லியா?"

"ஒத்துக்கிறேம்மா. வேலய சரியாத்தான் பண்ணியிருக்கேன்."

அவள் குரலில் கோபமே இல்லை. கெஞ்சுவாள், இல்லை கத்துவாள் என்று காத்திருந்த ராஜாம்பாளுக்கு அது என்னவோ போலிருந்தது.

"தரையிலேருந்து ஏறுற தண்ணி எப்பவும்போல ஏறிக்கிட்டுதாம்மா இருக்கும்" என்றாள் வினோதா நிதானமாக. "என் பக்கம் வெளிய வர முடியாம அடைச்சிட்டேன், அவ்ளோதான்."

"அப்படீன்னா?"

"அந்தச் செவுத்துக்கு அந்தாண்ட உங்க பெட்ரூம்தானேம்மா?"