நாலு பேருக்கும் ஒரே முகம்

“பரீட்சையில பக்கத்துப் பையனைப் பார்த்துக் காப்பி அடிக்கிற மாதிரி இருக்கே, இது நியாயமா?”

சோபியாவுக்குக் கோபம் வந்ததில் தப்பில்லை. சென்னையில் விடிகாலை ரயில் பிடித்து, பொன்னேரியில் பஸ் மாறி, பழவேற்காட்டு ஏரிக்கரையில் மீன் ஏலக் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். மனநல ஆராய்ச்சி. மனக்கஷ்டத்தை அளக்கும் இரண்டு விதக் கேள்வித்தாள்களில் எதற்கு மீனவர்கள் உண்மையைச் சொல்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

முதல் தாளை அவளே வாசித்தாள். தூக்கம் வருகிறதா? பசிக்கிறதா? வாழ்க்கை வெறுத்துப் போகிறதா?

ஒரே படகில் தொழில் செய்யும் நாலு பேரும் சொன்னது ஒரே பதில்தான்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம்.”

இரண்டாவது தாளில் ஐந்து முகங்கள். சிரிக்கும் முகத்தில் ஆரம்பித்து அழும் முகத்தில் முடியும். பேசவே வேண்டாம், மனசு எப்படியோ அந்த முகத்தில் விரலை வைத்தால் போதும்.

நாலு பேரில் முதலில் இளவழகன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, அழும் முகத்தில் விரலை வைத்தான்.

அடுத்து படகுக்காரர் கங்காதரன். இளவழகனை ஒரு பார்வை பார்த்தார். அவர் விரலும் அங்கேயே போனது. ரஞ்சித்குமாரும் அவன் மச்சானும் தாளைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. அதே முகம்!

“பத்து நிமிஷம் முன்னாடி நல்லா இருந்தீங்க. இப்ப நாலு பேருமே அழறீங்களா?”

“ஆமா மேடம்” என்றார் கங்காதரன், குத்துக்கல் மாதிரி உட்கார்ந்துகொண்டு.

விளையாடுகிறார்களா? சோபியா ஒரு மிரட்டல் போட்டுப் பார்த்தாள்.

“இந்த முகத்தைத் தொட்டவங்க எல்லாரும் வியாழக்கிழமை பொன்னேரிக்கு வரணும். மனநல டாக்டர் பார்ப்பார்.”

“அண்ணா, அன்னிக்கு நம்ம பாடு!” என்று பதறினான் ரஞ்சித்குமார்.

பாடு என்றால் ஏரியில் நல்ல இடத்தில் வலை போட முறை வரும் நாள். விட்டால் அடுத்த முறைக்குக் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

“போனா போவுது. வர்றோம் மேடம், நாலு பேரும்” என்றார் கங்காதரன்.

இளவழகன் எழுந்து படகுப் பக்கம் போனான். ரஞ்சித்குமாரும் மச்சானும் உடனே அவன் பின்னாலேயே போனார்கள்.

சோபியா குரலைத் தாழ்த்தினாள். “உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்கு என்ன கஷ்டம்?”

“எனக்கு இன்னா மேடம் கஷ்டம்? படுத்தா கொறட்டைதான்.”

“அப்புறம் எதுக்கு...?”

கங்காதரனின் கண் இளவழகன் மேலேயே இருந்தது.

“போன மாசம் முகத்துவாரத்துல அவன் தம்பிய அலை அடிச்சினு போயிடுச்சி. அன்னிலேர்ந்து அவன் ஒரு சொட்டு கண்ணீர் வுடல. படகுல தண்ணியவே பாத்துனு குந்தியிருக்கான். பயந்துகினு, மாத்தி மாத்தி ஒருத்தர் அவன் பக்கத்துலயே இருக்கோம். இன்னிக்குத்தான் வெரல வச்சி சொல்லியிருக்கான். அவன் மட்டும் தனியாத் தெரியக் கூடாதுனுதான் நாங்களும் அங்கயே வச்சோம்.”

“அவரை மட்டும் டாக்டர்கிட்ட அனுப்பியிருக்கலாமே?”

“தனியாப் போ சொன்னா, நான் இன்னா பைத்தியமானு கேப்பான். நாங்க மூணு பேரும் ஏறுனாத்தான் மேடம், அவன் பஸ் ஏறுவான்.”