இரவல் இயந்திரம்

செவிலியர் ஏஞ்சலின், இசக்கிமுத்துவின் விரலில் மாட்டிய கிளிப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அதற்குள் ஒரு சிவப்பு ஒளி விரலை ஊடுருவிப் போகிறது. ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் அந்த ஒளியைக் குறைவாகவே விழுங்கும். மிஞ்சி வரும் ஒளியை அளந்துதான் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு எண்ணாகத் தெரிகிறது. ஆறு நிமிடம் நடந்த பிறகும் எண் தொண்ணூற்று நான்குக்கு மேல் நின்றால், கொரோனா வார்டிலிருந்து அவர் வீடு வந்த அன்று அரசு இரவலாகக் கொடுத்த ஆக்சிஜன் இயந்திரம் இன்றே திரும்பிப் போய்விடும். இப்போதும் அது சுரங்கத் தொழிலாளர் குவார்ட்டர்ஸின் கூடத்து மூலையில் இரைந்துகொண்டிருக்கிறது. "மைன்ஸ்லகூட இத்தனை ரவுண்ட் அடிச்சதில்ல சிஸ்டர்," என்று நடந்து முடித்த இசக்கிமுத்து மூச்சு வாங்கச் சிரிக்கிறார். அவர் மனைவி உமாராணி சிரிக்கவில்லை. எண் தொண்ணூற்றாறில் நிற்கிறது. "இன்னும் ஒரு வாரம் இருக்கட்டுமே சிஸ்டர். தூங்கறப்ப இறங்கிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்கிறார் உமாராணி. "வடலூர்ல ஒருத்தர் இன்னைக்கு ஆஸ்பத்திரியிலருந்து வீட்டுக்கு வர்றாரு அக்கா. அவருக்கு இது இல்லாம முடியாது. அண்ணனுக்கு இனிமே வேணாம்." ஏஞ்சலின் சுவிட்சை அணைக்கிறார். நாற்பது நாள் இரைச்சல் சட்டென்று நின்றுபோகிறது. உமாராணி தன் மூச்சை அடக்கிக்கொண்டு, கணவரின் மூச்சு கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்.