மீட்டர் கேட்காத கேள்வி

பனிக்கட்டிக்கே நடுக்கமெடுக்கும் ஒரு குளிர்ப்பெட்டிக்குள், குவாண்டம் கணினிச் சில்லு ஒன்றில், அதன் தகவல் துணுக்கான குட்டி க்யூபிட் குடியிருந்தது. அதனிடம், “பூஜ்யமா, ஒண்ணா?” என்று கேட்டுச் சொல்வதுதான் பக்கத்திலிருந்த அளவுக்கருவியான மீட்டரின் பிழைப்பு.

“முன்னே ஒண்ணுன்னே, இப்ப பூஜ்யம்ங்கிறே. ரெண்டு தடவையும் மைக்ரோவேவ் அலை வந்து உன்னை ஒரே மாதிரிதானே திருப்பிவிட்டுப் போச்சு? பொய்யா சொல்றே?” என்று மீட்டர் எரிந்து விழுந்தது.

“இல்லண்ணே. நீங்க கேக்கிறவரைக்கும் ரெண்டும் கலந்துதான் இருப்பேன். கேட்டதும் ஒரு பக்கமா விழுந்துடுறேன்.”

மீட்டருக்குத் தலை கிறுகிறுத்தது. இத்தனை நாளும் பதிலைக் கேட்டு வாங்கினோமா, கேட்டுக் கேட்டே உண்டாக்கினோமா? பாவமாகவும் இருந்தது. வேலை போனால் போகட்டும் என்று, மறுமுறை மைக்ரோவேவ் வந்து போனதும் அது வாயே திறக்கவில்லை.

கொஞ்சம் பொறுத்து, ரொம்பப் பிரியமாக, “இனி நான் எதுவும் கேக்க மாட்டேன். இப்பவாவது நிம்மதியா இருக்கியா?” என்றது.

“ஒண்ணு” என்றது க்யூபிட்.