பதிலுக்கு இருந்தவள்

“ஒண்ணும் செய்ய வேண்டாம்ட்டி. சும்மா இருந்தாப் போதும்,” என்றாள் ஜெசிந்தா.

“சும்மா இருக்கதுக்கா இந்தப் பாடு படுத?” என்றாள் இசக்கி.

ஜெசிந்தா எழுந்திருக்க முடியாமல் தவித்தாள். கல்லூரிச் சிற்றாலயத்தில், இயேசுவே என்று வணங்கும் நற்கருணை அப்பத்தைக் கதிர்ப்பாத்திரத்தில் பீடத்தின்மேல் வைத்துவிட்டால், திரும்ப எடுக்கும்வரை யாராவது ஒருவர் எதிரே இருந்தாக வேண்டும். அடுத்து வர வேண்டிய ரோஸ்லினைக் காணவில்லை. செய்முறைத் தேர்வில் ஜெசிந்தாவின் எண்ணைக் கூப்பிட்டாயிற்று என்று சொல்லத்தான் இசக்கி ஓடிவந்திருந்தாள்.

“நான் இருக்கேன், நீ ஓடு. உங்க சாமி என்னைக் கடிச்சிராது.”

விடுதியில் தலை பின்னிவிடவும், துணி தேய்த்துத் தரவும், காய்ச்சல்காரிக்குக் கஞ்சி வாங்கி வரவும் எல்லோரும் இசக்கியைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது இதற்கும் அவள்தான்.

தேர்வு நல்லபடியாக முடிந்தது. இசக்கிக்குப் பிடித்த கடலை மிட்டாயை வாங்கிக்கொண்டு ஜெசிந்தா திரும்பி ஓடினாள். வழியெல்லாம் அவளுக்கு நன்றியில் கண் கலங்கிக்கொண்டே இருந்தது.

உள்ளே, ரோஸ்லின் எப்போதோ வந்து முழந்தாளிட்டிருந்தாள். ஆனாலும் இசக்கி போகவில்லை. சன்னல் வெயில் அவள் மடிவரை வந்திருந்தது. மடியில் பிள்ளை தூங்கிவிட்டால் அசையாமல் இருப்பார்களே, அப்படி உட்கார்ந்திருந்தாள்.

ஜெசிந்தா மிட்டாய்த் தாள் சத்தம் போடாமல் பொத்திக்கொண்டு அவள் தோளைத் தொட்டாள். “வாட்டி, போவோம்.”

இசக்கி திரும்பவில்லை. பீடத்தைப் பார்த்தபடியே மெல்லக் கேட்டாள்.

“இங்க யாருமே என்கிட்ட எதுவும் கேக்கல. இன்னும் கொஞ்ச நேரம் இருந்துக்கிடட்டுமா?”