நெருங்கிய உறவு

“சித்தின்னு சொன்னா ஒரு பைசா வராது. அம்மான்னு சொல்லுங்க” என்றாள் மனைவி.

“மெதுவா பேசு. தூங்கறாங்க.”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சித்தி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நாளைக்கு ஆபரேஷன். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும் மனைவியும் விமானம் ஏற வேண்டியதும் நாளைக்குத்தான். கல்யாணமான நாளிலிருந்து கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பேருமாக எங்கேயும் போனதில்லை. இதுதான் முதல் தடவை.

டிக்கெட்டை ரத்து செய்ய அவர் ஒரு நொடியும் தயங்கவில்லை. டிக்கெட் பணத்தை விடுவதற்குத்தான் மனசு வரவில்லை.

“பொய்யாச்சே” என்றார்.

“என்ன பொய்? உங்களை வளர்த்தது யாரு?”

“சித்திதான்.”

“அப்புறம் என்ன? வீட்டுலதான் கூப்பிடலை. இன்ஷூரன்ஸ்காரங்ககிட்ட போன்ல சொல்றதுக்குமா வாய் வலிக்கும்?”

இந்த இன்ஷூரன்ஸை எடுத்ததே ஒரு கூத்து. “பிளேன் விழுந்தா காசு வாங்க நாம இருக்க மாட்டோம். விழலைன்னா காசே வராது. இது எதுக்குங்க தண்டத்துக்கு?” என்று டிராவல்ஸ் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டே கேட்டவள் மனைவி. பெட்டி தொலைந்தாலும் பணம் உண்டு என்று அங்கிருந்த பெண் சொன்ன பிறகுதான் இறங்கி வந்தாள். பெட்டி புதுசு.

“கொஞ்சம் கூடக் கட்டினா இன்னொரு வசதியும் இருக்கு சார். வீட்டுல நெருங்கின உறவுக்கு உடம்பு முடியாமப் போய் நீங்க பயணத்தை நிறுத்திட்டாலும் டிக்கெட் பணம் திரும்பி வந்துரும். உங்க அப்பா, அம்மா இருக்காங்களா?”

“ரெண்டு பேரும் இல்லம்மா.”

அந்தப் பெண் அதையும் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டாள். அதே நேரத்தில் வீட்டில் சித்தி, பயணத்துக்கென்று அவர் எடுத்து வைத்திருந்த சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. பெற்றவள் அவருடைய நாலாவது வயதிலேயே போய்விட்டாள். அடுத்த வருஷம் சித்தி வந்தாள். “அம்மான்னு கூப்பிடுடா” என்று சொந்தக்காரர்கள் பிடித்து உலுக்காத குறை. அவர் வாயைத் திறக்கவில்லை.

“விடுங்க. அவனுக்கு எப்படி வருதோ அப்படிக் கூப்பிடட்டும்” என்று சித்திதான் அவர்களை அடக்கினாள்.

அப்படியே வந்துவிட்டது. அப்புறம் அதை மாற்ற வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை. தோன்றியபோது வயசாகிவிட்டிருந்தது.

போனை எடுத்துக்கொண்டு வராந்தாவின் கடைசி ஜன்னலுக்குப் போனார். அந்தப் போன் ஒரு தடவை கை தவறிக் கீழே விழுந்ததிலிருந்து ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டாலும் பரவாயில்லை, சித்தி காதில் மட்டும் விழக்கூடாது. இத்தனை வருஷம் கொடுக்காத ஒரு வார்த்தையை டிக்கெட் பணத்துக்காகக் கொடுப்பதை அவள் கேட்க வேண்டாம்.

“யாருக்கு சார் உடம்பு சரியில்ல?” என்றார் இன்ஷூரன்ஸ் அதிகாரி.

“எங்க...” இருமினார். “எங்கம்மாவுக்கு.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

“இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது அம்மா உயிரோட இல்லைன்னு சொல்லியிருக்கீங்களே சார்?”

கடைக்காரர் போனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“அப்ப இல்லாத அம்மா இப்ப எங்கேருந்து சார் வந்தாங்க?”

பின்னாலேயே வந்து நின்ற மனைவி கையைப் பிசைந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, அழுக்கே இல்லாத இடத்தில் துடைத்தார்.

“மன்னிச்சுக்கங்க சார். அம்மா இல்ல. சித்தி.”

“சித்தின்னா அம்மாவோட தங்கச்சியா?”

“இல்ல. எங்கப்பா ரெண்டாந்தாரமா கட்டிக்கிட்டவங்க. என்னை வளர்த்தவங்க.”

“அட, இதுக்குத்தானா இவ்வளவு தடுமாறினீங்க? முதல்லயே சொல்லியிருக்கலாமே சார். பெத்தவங்களோ, அப்பா ரெண்டாவதா கட்டிக்கிட்டவங்களோ, எங்க கணக்குல ரெண்டும் ஒண்ணுதான். சித்தின்னே எழுதிக்கறேன். டாக்டர் சர்டிபிகேட் அனுப்புங்க, பணம் வந்துரும்.”

போனை வைத்த பிறகும் அவர் ஜன்னலை விட்டு நகரவில்லை. பணம் என்றால் நொட்டை சொல்லியே கழுத்தறுப்பவர்கள் என்றுதான் இன்ஷூரன்ஸ்காரர்களைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம். ரெண்டும் ஒண்ணுதான் என்று சொல்ல அவர்கள் ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

“சித்தின்னாலும் வருமாம்ல! நான்தான் உங்களை வீணா படுத்திட்டேன்” மனைவிக்கு முகமெல்லாம் பல். “போய் அவங்ககிட்டயும் சொல்லுங்க. நம்மளால இவங்க பயணம் கெட்டுச்சேன்னு காலையிலேருந்து புலம்பிட்டே இருந்தாங்க.”

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். சித்தி விழித்திருந்தாள். ஊசி மருந்தின் மயக்கத்தில் கண் பாதிதான் திறந்திருந்தது.

“சித்தி, இன்ஷூரன்ஸ்காரங்ககிட்ட பேசிட்டேன். அவங்க...”

அவள் விரல்கள் அவருடைய சட்டைக் கையைத் தேடிப் பிடித்து இழுத்தன. குனிந்தார்.

“உன் பொண்டாட்டி சொன்னது காதுல விழுந்துச்சுப்பா. சித்தின்னு சொன்னா பணம் வராதாமே.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “ஆசை ஆசையா பெட்டியெல்லாம் வாங்கி வச்சாளே, பாவம். யோசிக்காதே. அம்மான்னே சொல்லிடு. நான் ஒண்ணும் தப்பா நினைச்சுக்க மாட்டேன்.”